மகேந்திரராஜாவின் ஆறு மாதங்கள்

மெல்பேர்ண் தமிழர்களிடம் மகேந்திரராஜாவைத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். "ஆர், அந்தக் கப்பல் குசினிக்காரரோ? கைபாகம் நல்லாயிருக்கும்" என்பார்கள். அதோடு கதை முடிந்துவிடும். இரண்டு வருடமாக அந்த மனிதர் சமைத்த பொங்கலையும் வருடப்பிறப்புச் சாப்பாட்டையும் விரல் நக்கித் தின்றவர்களுக்கு, அவர் எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், எந்த அனுமதியில் இந்த நாட்டில் நிற்கிறார் என்று கேட்க நேரம் கிடைக்கவில்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன், அதை மறைக்கப் போவதும் இல்லை.

இது 1979 ஐப்பசி. அவருடைய பாஸ்போர்ட்டில் அடித்திருக்கும் முத்திரைக்கு இன்னும் ஐந்து கிழமை உயிர் இருக்கிறது. அதற்குப் பிறகு அவர் இங்கே நிற்கலாமா கூடாதா என்பதை நகரத்தில் ஒரு கந்தோரில் யாரோ தீர்மானிப்பார்கள். அவர் இங்கே நின்றால்தான் ஊரில் இருக்கும் மனைவியையும் மகளையும் என்றைக்காவது கூப்பிட வழி பிறக்கும். அனுப்பிவிட்டால் அதுவும் இல்லை.

என் பெயர் விமலாதேவி. கிளேட்டனில் பல்கலைக்கழகத்தில் தட்டச்சு வேலை செய்கிறேன். என் கணவர் விக்னராஜா அதே இடத்தில் கொங்கிறீற் ஏன் வெடிக்கிறது என்று ஐந்து வருடமாக ஆராய்கிறார். வீட்டுக் குழாய் ஒழுகினால் பக்கத்து வீட்டு இத்தாலிக்காரரைத்தான் கூப்பிட வேண்டும். ஆனால் நல்ல மனுஷன்.

1977 ஆனி மாதம் ஒரு நாள் ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து பல்கலைக்கழகத்தில் எங்கள் பகுதிக்குத் தொலைபேசி வந்தது. சிலோன் ஆள் ஒருவர் படுத்திருக்கிறார், அவருடைய மொழி பேசுகிற யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்கள். போனேன். ஐம்பத்தொரு வயது, நல்ல கறுப்பு, கட்டுமஸ்தான உடம்பு, வயிற்றில் குறுக்கே பெரிய கட்டு. குடல்வால் வெடித்து, துறைமுகத்திலிருந்து நேரே கொண்டுவந்து வெட்டியிருக்கிறார்கள். அவர் கண் விழிக்கும்போது கப்பல் போய்விட்டது.

"தமிழோ பிள்ளை நீர்?" என்று கேட்டார். நான் ஓம் என்றதும் அவர் கேட்ட அடுத்த கேள்வி, "இஞ்சத்தைச் சோறு ஏன் இப்பிடி இருக்கு?" என்பது. வயிற்றில் பதினெட்டுத் தையல் போட்டிருந்தும் மனிதருக்குச் சோற்றின் பதம்தான் கவலை.

பதினெட்டு வயதில் ஊர்காவற்துறையில் வள்ளம் ஏறினவர். முப்பத்துமூன்று வருடம் சரக்குக் கப்பல்களின் குசினியில் நின்றவர். கிரேக்கன், நோர்வேக்காரன், பிலிப்பைன்காரன், ஆர் ஆருக்கு என்ன பிடிக்கும் என்று விரல் விட்டுச் சொல்வார். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை இரண்டு மாதம் வீட்டில் நிற்பார். அப்படி நின்றதில் இரண்டு பிள்ளைகள். மகன் சிறிதரனுக்கு இருபத்துமூன்று, அனுராதபுரத்தில் அரிசி மில் ஒன்றில் மெக்கானிக். மகள் கமலினிக்குப் பதினேழு. மகனுக்கு அங்கே வேலை கிடைத்த பிறகு மனைவி யோகராணியும் மகளும் அங்கேயே போய், மில்லுக்குப் பக்கத்தில் வாடகைக்கு ஒரு வீடு எடுத்திருந்தார்கள். "பெடியன் தலையெடுத்திட்டான், பிள்ளை. அடுத்த கப்பலோட நான் காணும், போதும் எண்டு இறங்கியிடுவன்" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து சொன்னார்.

உடம்பு தேறும்வரைக்கும் என்று மூன்று மாத அனுமதி கொடுத்தார்கள். புரட்டாதி முடியும்போது விமானம் ஏற வேண்டும். கிளேட்டனில் எங்கள் வீட்டுப் பின்பக்க அறையில் வந்து இருந்தார். ஒரு கிழமைக்குள் என்னுடைய குசினி அவருடையதாகிவிட்டது. எனக்கு அதில் மனத்தாங்கல் எதுவும் இல்லை, எனக்குச் சமையல் வராது என்பது ஊருக்கே தெரியும்.

ஆவணி நடுப்பகுதியில் ஊரில் தமிழருக்கு எதிராகக் கலவரம் தொடங்கியது. இங்கத்தைப் பேப்பரில் ஏழாம் பக்கத்தில், ஆட்டு விலைக்குக் கீழே, நாலு வரி. அந்த நாலு வரியில் அனுராதபுரம் என்ற பெயர் இருந்தது. மகேந்திரண்ணை தபால் கந்தோருக்கும் வீட்டுக்குமாக நடந்தார். தையல் காயம் சரியாக ஆறாத ஆள், ஒரு நாளைக்கு நாலு தரம் நடந்தார்.

மூன்றாம் கிழமை நீல எயார்மெயில் வந்தது. யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருந்து, மனைவியின் தமக்கை வீட்டு விலாசத்தில். அவர் அதைக் குசினிக் கதிரையில் இருந்து எங்களுக்கு வாசித்துக் காட்டினார். "அன்புள்ள அத்தானுக்கு, எல்லாம் வல்ல பிள்ளையார் கிருபையால் இங்கு நாங்கள் யாவரும் நலம். உங்கள் நலத்துக்கும் அவரையே வேண்டுகிறேன். அனுராதபுரத்தில் கொஞ்சம் பிரச்சினையால் வீட்டை விட்டு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டோம். பிள்ளைகளைப் பற்றி நீங்கள் யோசிக்க வேண்டாம். கமலினி இங்கே பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். வெட்டின இடம் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்." வாசித்துவிட்டு அன்றைக்கு எங்களுக்கு இறால் குழம்பு வைத்தார். இறால் கிடைக்கிற இடம் கண்டுபிடிக்க டாண்டினோங் சந்தை முழுக்க அலைந்ததாகச் சொன்னார்.

இன்னும் இரண்டு கடிதம் வந்தது. அதே தொடக்கம், அதே பிள்ளையார். அதற்குள் அவருக்குத் திரும்பிப் போகும் எண்ணம் விட்டுப்போயிற்று. அனுராதபுரத்து வீடு இல்லை, மில்லுக்குத் திரும்பவும் போக ஏலாது. இங்கேயே நின்று ஒரு வழி தேடி, குடும்பத்தை எடுக்கலாம் என்று நினைத்தார். நாட்டில் கலவரம் நடந்தால், நிலைமை சீராகும்வரை தற்காலிகமாக நிற்க அனுமதி நீடிப்பார்கள் என்று என் கணவர் எங்கேயோ விசாரித்துக்கொண்டு வந்தார். ஆளைத் தனித்தனியாகப் பார்த்துத்தான் கொடுப்பார்களாம். பாதிக்கப்பட்டதற்கு ஆதாரம் வேண்டும்.

நற்சான்று ஒன்றும் இருந்தால் நல்லது என்றார்கள். இங்கத்தைத் தமிழ்ச் சங்கத்தில் அப்போது பதினைந்து குடும்பம். டாக்குத்தர்மார், என்ஜினியர்மார். செயலாளராக இருந்த டாக்குத்தரிடம் போய்க் கேட்டேன். "தங்கச்சி, அவர் நல்ல மனுஷன்தான். ஆனால் கப்பலாலை இறங்கி நிக்கிற ஆக்களுக்கு நாங்கள் கையெழுத்து வைக்கத் தொடங்கினால் எங்கட பேர் என்னாகும்?" என்றார். போன மாதம்தான் அவருடைய மகளின் பிறந்தநாளுக்கு அறுபது பேருக்குச் சமைத்துப் போட்டவர் மகேந்திரண்ணை. கறிவேப்பிலைக்கு நற்சான்று யார் கொடுப்பார்கள்?

ஆகவே ஆதாரம் என்று எங்களிடம் இருந்தது அந்த மூன்று கடிதங்கள்தான். அவற்றை நான்தான் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன். இங்கேதான் என் பங்கு வருகிறது.

நான் கொன்வென்ரில் படித்தவள். ஆங்கிலத்துக்குப் பரிசு வாங்கினவள். ஒரு சொல் விடாமல், ஒரு கமா விடாமல் மொழிபெயர்த்தேன். "நாங்கள் யாவரும் நலம்" என்பதை, குடும்பத்தார் எல்லாரும் நல்ல தேக ஆரோக்கியத்துடன் இருப்பதாக எழுதினேன். பிள்ளையாரைக்கூட விடவில்லை, கடவுள் கிருபையால் என்று போட்டேன். கடைசியில், இது உண்மையும் முழுமையுமான மொழிபெயர்ப்பு என்று மருந்துக்கடைக்காரருக்கு முன்னால் சத்தியம் செய்து கையெழுத்து வைத்தேன். மருந்துக்கடைக்காரர் ஒரு ஜே.பி., சத்தியக் கடதாசியில் கையெழுத்து வைக்கிற சமாதான நீதவான். "அழகான தட்டச்சு" என்று என்னைப் பாராட்டினார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

கார்த்திகையில் பதில் வந்தது. விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. தை முப்பத்தோராம் திகதிக்குள் நாட்டை விட்டுப் போக வேண்டும். காரணம் இரண்டாவது பந்தியில் இருந்தது. விண்ணப்பதாரரின் மனைவி தன் மூன்று கடிதங்களிலும், குடும்பத்தார் எல்லாரும் கடவுள் கிருபையால் நல்ல தேக ஆரோக்கியத்துடன் இருப்பதாக எழுதியிருக்கிறார் என்று மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தது. என்னுடைய வசனம். என்னுடைய கமா.

நான் குசினியில் இருந்து அழுதேன். மகேந்திரண்ணை எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தார். "என்ன பிள்ளை, உள்ளதைத்தானே எழுதினனீர்" என்றார். என் கணவர், "நீர் பிழை விடேல்லை. ஒரு சொல்லும் பிழை இல்லை. அதுதான் கரைச்சல்" என்றார்.

உலகத்தில் எந்தத் தமிழச்சி கடிதத்தை "நலம்" என்று தொடங்காமல் எழுதியிருக்கிறாள்? வீடு பற்றி எரிந்தாலும் முதல் வரியில் நாங்கள் நலம்தான். கடிதம் என்றால் அப்படி. வாசலில் வந்தவரை வாங்கோ என்பது மாதிரி. இதைச் சொல்ல நானே அந்தக் கந்தோருக்குப் போனேன். அதிகாரி நரைத்த தலை, மரியாதையான மனிதர், கதிரை இழுத்துப் போட்டார். முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "அப்படியானால் அம்மா, இந்தக் கடிதங்களில் எந்த வரி வழக்கம், எந்த வரி உண்மை என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?" என்றார். மனைவியே நடந்ததை விபரமாக எழுதி அனுப்பினால் மறுபடி பார்ப்பதாகச் சொன்னார். கடித உறையையும் சேர்த்துத் தர வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்து மகேந்திரண்ணையிடம் சொன்னேன். அவர் எழுத உட்கார்ந்தார். என்ன எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. நான்தான் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தேன்.

"வீடு எரிஞ்சதை எழுதச் சொல்லுங்கோ, அண்ணை. சாமான் போனதை எழுதச் சொல்லுங்கோ. நலம் கிலம் எண்டு தொடங்கக் கூடாது எண்டு கட்டாயம் எழுதுங்கோ. கொஞ்சம் கூட்டியே எழுதச் சொல்லுங்கோ, பறவாயில்லை."

"கூட்டி எழுதவோ? என்ர யோகராணி பொய் எழுதாள், பிள்ளை."

"உங்கட பெர்மிற்றுக்குத்தானே. ஒருக்கா எழுதினால் என்ன?"

அவர் சிரித்துக்கொண்டு அப்படியே எழுதினார். "கொஞ்சம் கூட்டி எழுது" என்று, என் வீட்டுக் குசினியில், என் பேனையால்.

தைப்பொங்கல் அந்த வருடம் சனிக்கிழமை. சங்கத்தின் பொங்கல் கிளேட்டனில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். மண்டபத்துக்கு எங்கள் வீடு கிட்ட என்பதால் சமையல் எங்கள் வீட்டில். கடிதம் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது, ஆனால் மகேந்திரண்ணை அதை உடைக்கவில்லை. உறையோடு கொடுக்கச் சொன்னார்கள் அல்லவா, கப்பல் கடதாசியைத் துறைமுக அதிகாரிக்கு முன்னால் உடைக்கிற மாதிரி, இதையும் மொழிபெயர்க்கிறவருக்கு முன்னால்தான் உடைக்க வேண்டும் என்று அவராக நினைத்துக்கொண்டார். இந்த முறை எயார்மெயில் இல்லை. தடித்த உறை. அதைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டே காலை ஐந்து மணியிலிருந்து சமைத்தார். சர்க்கரைப் பொங்கல் இரண்டு பானை, கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், எழுபது பேருக்கு. பத்து மணிக்கு எல்லாம் முடிந்தது. கையைக் கழுவித் துடைத்துவிட்டு, "இப்ப உடையும் பிள்ளை" என்று கடிதத்தை என்னிடம் நீட்டினார்.

உடைத்து வாசிக்கத் தொடங்கினேன். மேலே பிள்ளையார் சுழி இல்லை. அன்புள்ள அத்தானுக்கு என்பதும் இல்லை.

"நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன். கூட்டி எழுத ஒன்றும் இல்லை. ஆவணி பதினெட்டாம் திகதி வியாழக்கிழமை பின்னேரம் எங்களைக் கூட்டிப்போக வந்த தம்பியை மில்லடியில் வைத்து வெட்டிப்போட்டார்கள்."

நான் நிறுத்திவிட்டேன். யோகராணி மகனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார் என்பது எனக்குத் தெரியும். வேறு யாராவது தம்பியாக இருக்கக் கூடாதா என்று ஒரு கணம் நினைத்தேன். மகேந்திரண்ணை என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வாசியும்" என்றார்.

வாசித்தேன். உடலை எடுக்க முடியவில்லை என்று இருந்தது. பொலிஸ் லொறியில் முகாமுக்கு வந்து, அங்கிருந்து யாழ்ப்பாணம் போனது. உடல் இல்லாமலே கீரிமலையில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை செய்தது. தகப்பன் வெட்டின காயத்தோடு தனியாகக் கிடக்கிறார், கடல் கடந்து இருக்கிற மனுஷனுக்கு இதைக் கடிதத்தில் எழுதக் கூடாது, ஆள் வந்து இறங்கின பிறகு நேரில் சொல்லலாம் என்று பெரியவர்கள் சொன்னது. கடைசியில் இப்படி இருந்தது: "இதைக் கேட்டுவிட்டு வந்துவிடாதேங்கோ. நீங்கள் வந்து இனித் தம்பியைப் பார்க்கப் போவதில்லை. கமலினியை எடுக்கிற வழியைப் பாருங்கோ. அங்கே கேட்கிற கடதாசிக்கு இது காணும் என்று நினைக்கிறேன்."

அவர் கதிரையில் இருந்தார். அழவில்லை. இரண்டு கையையும் தொடையில் வைத்துக்கொண்டு, மஞ்சள் படிந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு இருந்தார். "கூட்டி எழுதச் சொல்லிப் போட்டன்" என்று மட்டும் சொன்னார். கூட்டி எழுதச் சொன்னது அவர் இல்லை, நான். அதை அப்போதும் நான் வாய் திறந்து சொல்லவில்லை. இன்றுவரை அந்த வெட்கம் என்னை விட்டுப் போகவில்லை.

அந்த நேரம் பார்த்து டாக்குத்தரும் இன்னும் இரண்டு பேரும் பானைகளை ஏற்ற வந்தார்கள். பட்டு வேட்டி, சந்தனப் பொட்டு. என் கணவர் வாசலில் வைத்து விஷயத்தைச் சொன்னார். மூவரும் முகத்தைத் தொங்கப் போட்டார்கள். "ஐயோ, பாவம்" என்றார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு டாக்குத்தர் என்னைக் கொஞ்சம் பக்கத்தில் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தங்கச்சி, குறை நினையாதேங்கோ. சமைச்சது கடிதம் வாசிக்க முன்னமோ, பின்னமோ?"

முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. மகன் செத்த செய்தி காதில் விழுந்த நேரத்திலிருந்து தகப்பனுக்குத் துடக்கு, சாவுத் தீட்டு. துடக்குக்காரன் கை பட்ட பொங்கலைச் சூரியனுக்குப் படைக்கலாமா? அதுதான் கேள்வி. இருபது வருடம் லண்டனிலும் இங்கேயும் படித்த மனிதனின் கேள்வி.

"முன்னம்!" என்று கத்தினேன். "வாசிக்க முன்னம் சமைச்சது! துணிஞ்சு தின்னுங்கோ!"

"அப்ப பறவாயில்லை" என்றார் டாக்குத்தர். மூவரும் குசினிக்குள் வந்தார்கள். மகேந்திரண்ணை எழுந்து அவர்களுக்கு வழி விட்டு, சுவரோடு ஒதுங்கி நின்றார்.

"பானை சுடும், துணி பிடிச்சுத் தூக்குங்கோ" என்றார்.

எழுபது பேரும் சாப்பிட்டார்கள். நான் போகவில்லை.

திங்கட்கிழமை அந்தக் கடிதத்தை மொழிபெயர்த்தேன். தம்பி என்ற இடத்தில் மகன் என்று போட்டேன். அப்போதுதான் பழைய மூன்று கடிதங்களையும் திரும்ப எடுத்துப் பார்த்தேன். கமலினியின் பெயர் ஏழு இடத்தில் இருந்தது. சிறிதரனின் பெயர் ஒரு இடத்திலும் இல்லை. 'பிள்ளைகள்' என்றுதான் இருந்தது. ஒரு கமாவும் விடாமல் மொழிபெயர்த்தவள் அதைக் காணவில்லை.

கடிதம் வேலை செய்தது. இரண்டு கிழமையில் ஆறு மாத அனுமதி, வேலை செய்யவும் சேர்த்து. நரைத்த தலை அதிகாரி எழுந்து நின்று மகேந்திரண்ணையின் கையைப் பிடித்து அனுதாபம் சொன்னார். அவரும் மனிதர்தான், அதை நான் மறுக்கவில்லை. "நான் போய் அவளைப் பாத்திட்டு வர ஏலுமோ எண்டு கேளும்" என்று அண்ணை என்னிடம் சொன்னார். கேட்டேன். வெளியே போனால் அனுமதி அந்த நிமிடமே முடிந்துவிடும் என்றார் அதிகாரி. அது மட்டும் இல்லை, அங்கே போய்வர முடியும் என்றால் அங்கே ஆபத்து இல்லை என்றுதானே அர்த்தம் என்று கேட்டார். குடும்பத்தைக் கூப்பிடலாமா என்று கேட்டேன். தற்காலிக அனுமதிக்காரர் யாரையும் கூப்பிட முடியாது. நிரந்தரம் கிடைத்த பிறகு பார்க்கலாம். நிரந்தரத்துக்கு விண்ணப்பிக்கலாமா? இந்த அனுமதியில் இருப்பவர் விண்ணப்பிக்க முடியாது, ஆனால் விதிகள் மாறலாம். அந்த "மாறலாம்" என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மகேந்திரண்ணை இந்த நாட்டில் நிற்கிறார்.

பிஸ்கட் தொழிற்சாலை ஒன்றில் அடுப்படி வேலை கிடைத்தது. பின்பக்க அறையிலேயே இருந்தார். சமைத்தார், ஆனால் சங்கத்துக்கு ஒரு வருடம் சமைக்கவில்லை. துடக்கு என்று அவர்களும் கேட்கவில்லை. வருடம் முடிந்ததும் மறக்காமல் வந்து கேட்டார்கள். அவரும் போய்ச் சமைத்தார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை, ஏன் போனீர்கள் என்று சண்டை பிடித்தேன். "பசிக்கு வந்து கேக்கிறவனோடை என்ன கோவம் பிள்ளை" என்றார். எனக்கு அந்தப் பெரிய மனசு இல்லை.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நீடிக்க வேண்டும். நீடிக்கும்போது ஆதாரத்தைப் புதிதாகக் கொடுக்க வேண்டும். பழைய பிரதி செல்லாது. மொழிபெயர்ப்பில் திகதியும் கையெழுத்தும் புதிதாக இருக்க வேண்டும். ஆகவே 78 ஆடியில் ஒரு தடவை, 79 தையில் ஒரு தடவை, 79 ஆடியில் ஒரு தடவை, அதே கடிதத்தைத் திரும்பத் திரும்ப அடித்தேன். மில்லடியில் வைத்து என்று அடிப்பேன். உடலை எடுக்க முடியவில்லை என்று அடிப்பேன். முதல் தடவை அடித்து முடிக்க ஒரு முழுப் பின்னேரம் எடுத்தது. மூன்றாம் தடவை எழுத்துப்பிழை வந்த இடத்தை வெள்ளை மை போட்டுத் திருத்தினேன். அப்போதுதான் என்னை நினைத்து எனக்கே பயம் வந்தது. நான் அடிக்கிற நேரம் முழுக்க மகேந்திரண்ணை வீட்டுக்குள் நிற்க மாட்டார். பின்வளவில் போய், எலுமிச்சை மரத்துக்கு ஏற்கெனவே ஊற்றின தண்ணீரைத் திரும்ப ஊற்றிக்கொண்டு நிற்பார். தட்டச்சுச் சத்தம் நின்ற பிறகு கொஞ்ச நேரம் கழித்து வருவார்.

ஊரிலிருந்து கடிதம் ஒழுங்காக வந்துகொண்டுதான் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் யோகராணி கேட்பது ஒன்றுதான், கமலினிக்கு ஏதாவது வழி தெரிகிறதா என்று. போன ஆடியில் யாழ்ப்பாணத்தில் அவசரகாலச் சட்டம் போட்டுப் பெடியன்களை வீடு வீடாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். கமலினி படிப்பை நிறுத்திவிட்டு வீட்டோடு இருக்கிறாள் என்று எழுதியிருந்தார்.

ஆடியில் கொடுத்த நீடிப்பு விண்ணப்பத்துக்கு இந்த ஆவணி கடைசியில்தான் கூப்பிட்டார்கள், போனோம். நரைத்த தலை அதிகாரி ஓய்வு பெற்றுவிட்டார். புதிதாக ஒரு இளம்பெண். நல்ல சிரித்த முகம், மேசையில் குழந்தையின் படம். கோவையை எடுத்து, நான் புதிதாக அடித்த கடிதத்தை வாசித்தாள். முகம் மாறியது. "மிகவும் கவலையாக இருக்கிறது" என்று சொன்னாள். உண்மையாகவே சொன்னாள் என்றுதான் நினைக்கிறேன். பிறகு பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினாள். ஒரே கடிதம் நாலு தடவை இருந்தது.

"இது நடந்து இரண்டு வருடமாகிறது" என்றாள்.

ஊரின் நிலைமையை நான் சொல்லத் தொடங்கினேன், அவசரகாலச் சட்டம், பிடிப்பு என்று. அவள் கையைக் காட்டி மெல்ல நிறுத்தினாள். "பொதுவான நிலைமை எங்களுக்குத் தெரியும். நான் கேட்பது இவருடைய குடும்பத்தைப் பற்றி." பிறகு படிவத்தில் ஒரு கட்டத்தில் பேனையை வைத்துக்கொண்டு, மகேந்திரண்ணையை நேரே பார்த்துக் கேட்டாள். "இதற்குப் பிறகு உங்கள் குடும்பத்துக்குப் புதிதாக ஏதாவது நடந்ததா?"

அவருக்குக் கப்பல் ஆங்கிலம் போதும். நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அவர் முகத்தில், நான் இரண்டு வருடத்தில் காணாத ஒரு நிம்மதி வந்தது. கதிரையில் நிமிர்ந்து இருந்தார்.

"இல்லை மேடம். கடவுள் புண்ணியத்தில ஒண்டும் இல்லை. இனி எனக்கு ஒரு பிள்ளைதான், மேடம். அவள் பத்திரமாய் இருக்கிறாள்."

மேசைக்குக் கீழே நான் அவர் காலை மிதித்தேன். பிந்திவிட்டது. அவள் தலையை ஆட்டிவிட்டுக் கட்டத்தில் எழுதினாள். புதிதாக ஒன்றும் இல்லை. வழக்கமாக ஆறு மாதம் கொடுப்பதை மூன்று மாதமாகக் குறைத்து முத்திரை குத்தினாள். அடுத்த தடவை நீடிப்பது கடினமாக இருக்கும், போவதற்கு இப்போதே ஆயத்தம் செய்வது நல்லது என்று, நல்ல முறையில்தான் சொன்னாள்.

படியிறங்கி ஸ்டேசனுக்கு நடந்தோம். ரயிலில் யன்னலோரம் இருந்து பாஸ்போர்ட்டைத் திறந்து முத்திரையைப் பார்த்தார். மூடினார். திரும்பத் திறந்து பார்த்தார். நாலைந்து ஸ்டேசன் போன பிறகு என் பக்கம் திரும்பி, பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தமிழ் விளங்காது என்பதையும் மறந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பிள்ளை, கமலினிக்கு ஒண்டும் நடக்கேல்லை எண்டு நான் சொல்லியிருக்கக் கூடாதோ?"